ஊர்க் கிளினிக்குக்கு மேலே யார்? யாழ்ப்பாணத்தில் பெண்கள் நலச் சேவையைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கான வழிகாட்டி

யாழ்ப்பாண மாவட்டத்தில் பெண்களுக்கான அரச சுகாதார சேவையில் ஒரு குறை தென்பட்டால், அதைப் பற்றி எழுதப்படும் கடிதங்களிற் பல தவறான மேசைக்குப் போய்ச் சேர்கின்றன. வலிகாமத்துக் கிராமமொன்றில் தாய்மார் கிளினிக் இரண்டு மாதமாக ஒழுங்காக நடக்கவில்லை என்று மாதர் சங்கம் ஒன்று பெரியாஸ்பத்திரி எனப்படும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளருக்கு முறைப்பாடு எழுதினால், அந்தக் கடிதத்தில் எழுதப்பட்டது முழுவதும் உண்மையாக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கிளினிக் அவருடைய நிர்வாகத்துக்கு உட்பட்டதன்று. கடிதம் ஒரு கோவைக்குள் தங்கிவிடும். சங்கத்தினரோ “எழுதியும் பயனில்லை” என்று ஒதுங்கிவிடுவார்கள். இன்னொரு வகைக் கடிதம் ஊரின் மிட்வைஃபான குடும்பநல உத்தியோகத்தரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டும். அவரோ வெற்றிடமாக உள்ள பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். எந்தச் சேவைக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, அந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு இருக்கிறது, அந்தப் பதிவேட்டைப் பற்றி எப்படிக் கேட்பது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால், இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கலாம்.

முதலில் பார்க்கவேண்டியது பெயர்ப்பலகை

இலங்கையில் சுகாதாரம் மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையில் பங்கிடப்பட்ட துறை. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம், தாய் சேய் நலம், குடும்ப சுகாதாரம், போசாக்கு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றோடு கிராமிய வைத்தியசாலைகளையும் மகப்பேற்று இல்லங்களையும் மாகாண சபைகளின் பட்டியலில் சேர்த்தது. போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு நோக்கத்துக்கென நிறுவப்பட்ட வைத்தியசாலைகளும் மத்திய சுகாதார அமைச்சின் கீழேயே விடப்பட்டன. ஆகவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியைப் பற்றிய முறைப்பாடு அதன் பணிப்பாளருக்கும், அவருக்கு மேலே கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சுக்கும் போகவேண்டும். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும், நெடுந்தீவு போன்ற இடங்களின் பிரதேச வைத்தியசாலைகளும், ஊர்க் கிளினிக்குகள் அனைத்தும் மாகாண நிர்வாகத்தில் இயங்கிவருபவை. அவற்றைப் பற்றிய கடிதம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், அவருக்கு மேலே மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் போகவேண்டும். மாநகர எல்லைக்குள் வசிப்பவர்கள், தங்கள் கிளினிக்கை மாநகர சபையின் சுகாதாரப் பிரிவு நடத்துகிறதா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆதார வைத்தியசாலைகளை மத்திய அமைச்சு பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதால், நினைவை மட்டும் நம்பி முகவரி எழுதக்கூடாது. வாயிற் பெயர்ப்பலகையிலும், மருந்துத் துண்டில் குத்தப்படும் முத்திரையிலும், அலுவலகக் கடிதத் தலைப்பிலும் “மாகாண சுகாதார சேவைகள் திணைக்களம்” என்று இருக்கிறதா, “சுகாதார அமைச்சு” என்று மட்டும் இருக்கிறதா என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பங்கீட்டில் ஒரு சிக்கலும் உண்டு. மாகாண வைத்தியசாலையில் வேலைசெய்யும் மருத்துவர்களின் வருடாந்த இடமாற்றத்தைத் தீர்மானிப்பது மத்திய அமைச்சு. கிளினிக்குக்கு வரும் மருந்துகளும் குடும்பத்திட்ட சாதனங்களும் கொழும்பிலிருந்தே வருகின்றன. எனவே “டொக்டர் இல்லை” என்ற குறையையும் “கிளினிக் கட்டடத்துக்குள் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது” என்ற குறையையும் ஒரே கடிதத்தில் எழுதினால், ஒரு பாதிக்கு மாகாணம் கொழும்பைக் காட்டும், மறு பாதி அதோடு சேர்ந்து மறைந்துவிடும். ஒரு கடிதத்தில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள்.

களத்தில் உள்ள படிநிலை

ஊரில் வீடு வீடாக வருபவர் குடும்பநல உத்தியோகத்தர். பழைய தலைமுறை இன்னமும் மிட்வைஃப் என்றே சொல்லும். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்பது திட்டமிடலில் பயன்படுத்தப்படும் அளவு. அவருடைய வேலையை மேற்பார்வைக் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதார தாதிய சகோதரியும் நேரில் மேற்பார்வை செய்வார்கள். அவர்களுக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி இருக்கிறார். இந்த முறைக்கு நூறாண்டு வயதாகிறது. நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று நாம் அழைப்பது அதன் தொடர்ச்சிதான். மாவட்ட மட்டத்தில், பிராந்தியப் பணிப்பாளரின் அலுவலகத்தில், தாய் சேய் நலத்துக்கென்றே ஒரு வைத்திய அதிகாரி இருக்கிறார். பெண்கள் நலச் சேவை பற்றி மாவட்டத்தில் அதிகம் தெரிந்த மேசை அதுவே என்பது என் கணிப்பு. ஆனால் ஊர்ச் சங்கங்கள் எழுதும் கடிதங்களின் பிரதிப் பட்டியலில் அந்தப் பதவியைக் காண்பது அரிது.

கொழும்பில் உள்ள குடும்ப சுகாதாரப் பணியகம் இந்தப் படிநிலைக்கு நேரடி மேலதிகாரி அன்று. சேவையின் தரத்தையும் படிவங்களையும் வகுப்பது, மாவட்டங்களின் தாய் சேய் நல நிலையை மீளாய்வு செய்வது, ஆண்டறிக்கை வெளியிடுவது ஆகியவை அதன் வேலைகள். அந்த ஆண்டறிக்கையில் மாவட்ட வாரியான அட்டவணைகள் இருக்கும். யாழ்ப்பாண வரிசையை எடுத்து, அதற்கு மேலும் கீழும் உள்ள மாவட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சங்கத்தில் ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஒரு பிள்ளை போதும். பழைய தரவைத் தேடுபவர்கள் ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும்: 2006/07 ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வு போர்ச் சூழலால் வட மாகாணத்தை உள்ளடக்கவில்லை, 2016 ஆம் ஆண்டின் ஆய்வில் வடக்கும் சேர்க்கப்பட்டது. ஆகவே, அந்த ஆய்வை வைத்து “முன்பு இருந்ததைவிட” என்று வடக்கைப் பற்றி யாராவது பேசினால், எந்த முன்பு என்று கேட்பது நியாயம்.

கையில் உள்ள அட்டையே அளவுகோல்

கண்காணிப்பு என்றவுடன் பெரிய அறிக்கைகளை நினைக்கவேண்டியதில்லை. கர்ப்பிணித் தாய் ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவைப் பிரித்துப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட நாள், அப்போது எத்தனையாவது கிழமை, ஒவ்வொரு கிளினிக்கிலும் எடுத்த நிறை, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை முடிவு, குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்த நாட்கள் ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் உள்ளன. எட்டுக் கிழமைக்கு முன்பே பதிவு செய்வது இலக்கு. பிள்ளை பிறந்த பின்னர் முதல் ஐந்து நாட்களுக்குள் ஒரு தடவை, ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் ஒரு தடவை, 14 முதல் 21 ஆம் நாளுக்குள் ஒரு தடவை, 42 ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை என நான்கு முறை அவர் வீட்டுக்கு வரவேண்டும் என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்ட ஒழுங்கு.

ஒரு ஊரில் கடந்த ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் பத்துப் பேர் ஒன்றுகூடித் தங்கள் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனித்தனியே தெரியாத ஒன்று தெரியவரும். முதல் இரண்டு வருகைகளும் எல்லோருக்கும் நடந்து, மூன்றாவது மட்டும் பலருக்கு வெறுமையாக இருந்தால், அது பெரும்பாலும் ஆளணிப் பற்றாக்குறையின் அடையாளம். வேலைப்பளு கூடும்போது முதலில் கைவிடப்படுவது பிந்திய வருகைகளே. இரத்தப் பரிசோதனைக் கட்டம் எல்லோருக்கும் வெறுமை என்றால், பரிசோதனைப் பொருள் வராமல் இருந்திருக்கலாம், அல்லது மாதிரி எடுத்துச் செல்லும் ஒழுங்கு முறிந்திருக்கலாம். கட்டம் நிரப்பப்பட்டிருந்தும் அந்த நாளில் யாரும் வரவில்லை என்று இரண்டு மூன்று பெண்கள் சொன்னால், அது வேறு வகைப் பிரச்சினை. அதை எழுதுமுன்னர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அட்டை அந்தப் பெண்ணின் சொந்த விடயம். அவளுடைய சம்மதமின்றிப் பிரதி எடுப்பதோ, கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ கூடாது. எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

இந்த அட்டையில் இருப்பவை மேலேயும் போகின்றன. குடும்பநல உத்தியோகத்தர் எச் 524 என்ற மாதாந்தக் கூற்றை நிரப்பி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் மாதாந்தக் கூட்டத்தில் ஒப்படைக்கிறார். அந்தப் பிரிவின் கூற்றுகள் அனைத்தும் சேர்ந்து எச் 509 என்ற காலாண்டு அறிக்கையாகின்றன. இப்போது இவை கணினி முறைமையிலும் பதிவாகின்றன. அதாவது, உங்கள் பிரிவில் ஒரு காலாண்டில் எத்தனை கர்ப்பிணிகள் பதிவாகினர், எத்தனை வீடுகளுக்கு வருகை நடந்தது என்பவை ஏற்கெனவே கூட்டிக் கணக்கிடப்பட்டு ஒரு பணிமனையில் இருக்கின்றன. “அப்படி ஒரு தகவல் எங்களிடம் இல்லை” என்ற பதிலை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

சுகவனிதையர் கிளினிக்: கேட்கப்படாத கேள்விகள்

தாய்மார் கிளினிக் நின்றால் ஊர் பேசும். நோய் தெரியாத பெண்களை முன்கூட்டியே பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் நின்றால் பேசாது. ஆகவே கண்காணிப்பு மிகவும் தேவைப்படுவது இந்த இரண்டாவதற்குத்தான். 1996 இல் நாட்டில் தொடங்கப்பட்ட இந்தக் கிளினிக்குகளில் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், தைரொயிட் ஆகியவற்றோடு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனையும் இலவசமாகச் செய்யப்படுகிறது. 35 வயதும் 45 வயதும் இலக்கு வயதுகள். ஆகவே உங்கள் கிராம அலுவலர் பிரிவில் இந்த ஆண்டு 35 வயதாகும் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்பது விடை காணக்கூடிய, நேரான கேள்வி. முதல் எண்ணை விதானையாரின் வாக்காளர் இடாப்பை வைத்து ஏறத்தாழ நீங்களே மதிப்பிடலாம்.

அதைவிட முக்கியமான கேள்வி, மாதிரி எடுத்த நாளுக்கும் முடிவு கையில் கிடைத்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்பது. கிளினிக்கில் கண்ணாடித் துண்டில் பூசப்பட்ட மாதிரி வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்குப் போய், அங்கே நுணுக்குக்காட்டியில் பார்க்கப்பட்டு, முடிவு மீண்டும் பணிமனைக்கு வந்து, அங்கிருந்து பெண்ணுக்கு அறிவிக்கப்பட வேண்டும். இந்த நான்கு படிகளில் எதிலும் தாமதம் நேரலாம். பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை அறிக்கையில் அழகாகத் தெரியும். முடிவு கிடைக்காத பெண்ணும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். எனவே “எத்தனை பேருக்குச் செய்தீர்கள்” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எத்தனை முடிவுகள் திரும்பி வந்தன, மேலதிக பரிசோதனை தேவை என்று கண்டறியப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பவற்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைப்பது கடினமாக இருக்கும். ஆனால் தீவகத்திலிருந்தோ வடமராட்சி கிழக்கிலிருந்தோ ஒரு பெண் அந்தக் கிளினிக்குக்கு வந்து போக ஒரு நாட் கூலியும் பஸ் காசும் போகிறது என்பதையும், நெடுந்தீவுப் பெண் குறிகாட்டுவானுக்குப் படகேறி வந்துதான் பஸ்ஸே பிடிக்கவேண்டும் என்பதையும் நினைத்தால், கேட்காமல் விடவும் முடியாது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காகப் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவிகளுக்கு 2017 முதல் எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்படுகிறது. அதையும் சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவே செய்கிறது. உங்கள் ஊர்ப் பாடசாலையில் இரண்டாவது தடவை ஏற்ற வந்தார்களா என்பதை அதிபரிடம் ஒரு வரியில் கேட்டுவிடலாம்.

எழுதுமுன் நேரில் போவது

முதற் படியாகச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் சுகாதார வைத்திய அதிகாரியை நேரில் சந்திப்பது நல்லது. தலைவியும் செயலாளரும் போவது வழக்கம். அண்மையில் பிள்ளை பெற்ற ஒரு தாயும் கூடப் போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். கிளினிக் நாளில் போகாதீர்கள். அன்று அவருக்கு நேரம் இருக்காது. “உங்களுடைய மிஸ் வாறதில்லை” என்று தொடங்கினால், அதிகாரி தன் ஊழியரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். “டொக்டர், எங்கட பிரிவுக்கு நிரந்தரமாக ஒருவர் இருக்கிறாரா, பதில் கடமையில் இருக்கிறாரா?” என்று தொடங்கினால், அவரே தன்னுடைய பற்றாக்குறைகளைச் சொல்லத் தொடங்குவார். பல சுகாதார வைத்திய அதிகாரிகள் மேலிடத்துக்கு ஆளணி கேட்டு எழுதிக் காத்திருப்பவர்கள். உங்கள் கடிதம் அவர்களுக்கும் உதவும்.

சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கையளித்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் கொடுக்க முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்புறத்தில் ஒட்டிவையுங்கள். பிராந்தியப் பணிப்பாளருக்கும், அவருடைய அலுவலகத்தின் தாய் சேய் நல வைத்திய அதிகாரிக்கும், பிரதேச செயலாளருக்கும் பிரதி போடுங்கள். அதற்கு மேல் யாருக்கும் இப்போது வேண்டாம். ஆளுநர் முதல் சனாதிபதி வரை பதினைந்து பேருக்குப் பிரதி போட்ட கடிதத்தை ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் உள்ளது. கொழும்பு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவது

பதில் வரவில்லை என்றாலும், வந்த பதிலில் எண்கள் இல்லை என்றாலும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டம் மாகாணத் திணைக்களங்களையும் உள்ளூராட்சிச் சபைகளையும் கட்டுப்படுத்துகிறது. ஆர்.ரி.ஐ. 01 என்ற படிவம் கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாள் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயாற் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரசைகளாக இருந்தால், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ சனசமூக நிலையமோ தன் பெயரிலேயே கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது. ஊரில் ஒரு பெண்ணின் பெயர் தனியே முன்னால் நிற்பதைத் தவிர்க்க இது நல்ல வழி.

கேள்வி எப்படி அமையவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

“2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு தொடர்பாகச் சென்ற ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையான காலத்துக்குப் பின்வரும் தகவல்களைக் கோருகின்றோம். அங்கீகரிக்கப்பட்ட குடும்பநல உத்தியோகத்தர் பதவிகளின் எண்ணிக்கையும், டிசம்பர் 31 இல் நிரப்பப்பட்டிருந்த பதவிகளின் எண்ணிக்கையும். ஒவ்வொரு கிளினிக் நிலையத்திலும் நடத்தத் திட்டமிடப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளின் எண்ணிக்கையும், உண்மையில் நடத்தப்பட்டவற்றின் எண்ணிக்கையும். பப் பரிசோதனைக்காக அனுப்பப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கையும், அக்காலத்தில் முடிவு கிடைத்தவற்றின் எண்ணிக்கையும். நான்கு காலாண்டுகளுக்குமான எச் 509 அறிக்கைகளின் பிரதிகள். எந்தவொரு நபரின் பெயரோ மருத்துவ விபரமோ எமக்குத் தேவையில்லை.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி வெளியிட முடியாது என்று சட்டத்தின் 5 ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி முழு விண்ணப்பத்தையும் மறுக்க வழி விடக்கூடாது. அதே பிரிவின்படி, உங்கள் சொந்த வைத்தியசாலைப் பதிவை, அதாவது பி.எச்.ரி. என்று விடுதியில் சொல்லப்படுவதை, நீங்களே எழுத்தில் கேட்பதற்கு அந்தத் தடை இல்லை. “ஏன் கிளினிக் நடக்கவில்லை?” என்பது போன்ற கேள்வி வேண்டாம். அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள பதிவைக் கேட்டால் பிரதி கிடைக்கும். காரணத்தைக் கேட்டால் விளக்கம்தான் கிடைக்கும்.

தகவல் தரப்படுமா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். தருவதாகத் தீர்மானித்தால், கட்டணம் இருப்பின் அதைச் செலுத்தியதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். காரணம் காட்டி மேலும் 21 நாள் வரை நீட்டலாம். கேட்பவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணித்தியாலம் மட்டுமே. மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யவேண்டும். அவர் மூன்று கிழமைக்குள் முடிவு தரவேண்டும். அதன் பின்னர் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். இந்தத் திகதிகளை விண்ணப்பம் கொடுத்த அன்றே கலண்டரில் குறித்துவிடுங்கள். உரிமை சட்டத்தில் இருந்தும் திகதி தவறியதால் கைநழுவிப் போன மேன்முறையீடுகள் உண்டு.

காசு எங்கே போனது என்று பார்ப்பதற்கு

மாகாண சபைகளையும் உள்ளூராட்சிச் சபைகளையும் கணக்காய்வு செய்யும் அதிகாரம் கணக்காய்வாளர் நாயகத்துக்கு உண்டு. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் அந்த அதிகாரத்தை வலுப்படுத்தியது. தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் அறிக்கைகள் தமிழிலும் வெளியாகின்றன. மொழி வறட்சியாக இருக்கும். “கொள்வனவு செய்யப்பட்டும் பயன்படுத்தப்படாத”, “நிர்மாணிக்கப்பட்டும் கையளிக்கப்படாத” என்ற சொற்றொடர்களைத் தேடிப் பார்த்தால், உங்கள் பிரதேசத்துக் கட்டடமோ கருவியோ அகப்படலாம்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும், யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் சுகாதாரத் திணைக்கள அதிகாரிகள் நேரிற் பதில் சொல்லும் இடங்கள். 2013 இல் தெரிவான முதலாவது வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர், நீண்டகாலமாகத் தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே மாகாண நிர்வாகம் நடந்துவந்திருக்கிறது. சபை இல்லாத காலத்தில் மாகாண சுகாதார அமைச்சரும் இல்லை, மாகாண சுகாதாரத்தைப் பற்றிச் சபையில் எழுந்து கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி எவரும் இல்லை. அந்த வெற்றிடத்தை இந்தக் குழுக்கள் முழுமையாக நிரப்பமாட்டா. கூட்டம் பெரும்பாலும் வீதிகளோடும் காணிகளோடும் கழிந்துவிடும். ஆகவே உங்கள் விடயம் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவேண்டும் என்று கூட்டத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். கையில் எச் 509 இன் எண்கள் இருக்கட்டும். உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு, ஏறத்தாழ எல்லாப் பிரதேச சபைகளிலும் பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தரை நியமிக்கும் அதிகாரம் பிரதேச சபைக்கு இல்லை. ஆனாலும் கிளினிக் நடக்கும் பொது மண்டபத்தின் மலசலகூடம், தண்ணீர், படலை வரையான ஒழுங்கை ஆகியவை சபையின் கையில் உள்ளவை. ஒன்பது மாதக் கர்ப்பிணி இருக்க வாங்கு இல்லாத இடத்தில் அதுவும் சுகாதார சேவைதான்.

தனிப்பட்ட பாதிப்பு நேர்ந்தால்

மேலே சொன்னவை சேவையின் பொதுக் குறைகளுக்கானவை. பிரசவ விடுதியில் அவமதிக்கப்பட்டது, சம்மதமின்றிச் சிகிச்சை செய்யப்பட்டது, கவனிக்காமல் விடப்பட்டது போன்றவை வேறு பாதையில் போகவேண்டியவை. முதலில் வைத்தியசாலையின் தலைமை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். நாள், நேரம், விடுதி இலக்கம், நடந்தது ஆகியவை போதும், வசைச்சொல் வேண்டாம். மருத்துவரின் தொழில் ஒழுக்கம் பற்றியதென்றால் இலங்கை மருத்துவச் சபை விசாரிக்கும். தாதியர் பற்றியதைத் தாதியர் பேரவைக்கு எழுதலாம். பாகுபாடு காட்டப்பட்டதாகவோ அடிப்படை உரிமை மீறப்பட்டதாகவோ கருதினால், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. எனவே, பிரசவத்துக்குப் பின் ஓய்வில் இருப்பவருக்காக வீட்டில் ஒருவர் இந்தத் திகதியை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கர்ப்பகாலத்திலோ, பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள்ளோ ஒரு தாய் இறந்தால், அந்த மரணம் அறிவிக்கப்பட்டு, களத்திலும் வைத்தியசாலையிலும் பின்னர் தேசிய மட்டத்திலும் மீளாய்வு செய்யப்படுகிறது. இலங்கையின் தாய் மரண வீதம் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு முப்பதை ஒட்டிய அளவுக்குக் குறைந்ததில் இந்த மீளாய்வு முறைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது எங்கே பிழை நேர்ந்தது என்று கற்றுக்கொள்வதற்கான ஒழுங்கு. தண்டனைக்கானதன்று, உள்ளே பேசப்படுபவை இரகசியம். குடும்பத்தினர் அதன் அறிக்கையை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அவர்கள் கேட்கவேண்டியவை மரண விசாரணை அதிகாரியின் தீர்மானத்தின் பிரதியும் பிரேத பரிசோதனை அறிக்கையும். நடக்கும் மீளாய்வில் தங்கள் தரப்பைச் சொல்ல விரும்பினால், வீட்டுக்கு விசாரிக்க வரும் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கிளினிக் அட்டையைக் காட்டிப் பேசலாம். அட்டையின் மூலப்பிரதியைக் கொடுக்குமுன்னர் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வன்முறையோடு சம்பந்தப்பட்ட காயங்களுக்குப் பெரிய வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பிரிவு இயங்குகிறது. அது திறந்திருக்கும் நேரம் வெளிநோயாளர் பிரிவில் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் கண்காணிப்பின் ஒரு பகுதியே. அவசர உதவிக்கு மகளிர் உதவி இலக்கம் 1938, அம்புலன்சுக்கு 1990.

தனியார் நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும்

ஸ்கான் நிலையங்கள் உட்படத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் எந்த ஆண்டு என்பதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பழைய ஆண்டாக இருந்தால் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும் எழுதலாம்.

போருக்குப் பின்னர் இங்கே பெண்கள் நலத்துக்கென்று பல தொண்டு நிறுவனங்கள் வேலைசெய்திருக்கின்றன. அரசோ வெளிநாட்டு அரசோ சர்வதேச அமைப்போ கணிசமாக நிதியளிக்கும் நிறுவனம் பொதுமக்களுக்குச் சேவை வழங்கினால், அந்தச் சேவை அளவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். மருத்துவ முகாம் நடத்தி மார்பகப் பரிசோதனை செய்து படம் எடுத்துப் போனவர்களிடம், முடிவுகளை யாரிடம் ஒப்படைத்தீர்கள், எந்தச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம்.

கிடைத்த பதில்களைச் செயலாளரின் வீட்டு அலுமாரியில் வைக்காமல், சங்கத்தின் பெயரில் ஒரு கோவை திறந்து நிலையத்திலேயே வையுங்கள். செயலாளர் மாறும்போது கோவையும் கூட்டறிக்கைப் புத்தகத்தோடு சேர்த்துக் கையளிக்கப்படட்டும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே சொற்களில், அதே விண்ணப்பத்தை மீண்டும் அனுப்புங்கள். முதல் ஆண்டில் வெற்றிடம் இரண்டு, அடுத்த ஆண்டில் மூன்று என்று இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் அதை வாசிக்க ஐந்து நிமிடம் கேட்டு எழுதுங்கள்.